நெற்றி இல்லாத படம்

நிலோஜன் கடைசியாகச் செய்த சாதாரண காரியம், தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்தியிருந்தது.

வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தான். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான், முழங்கால்வரை சேறு. தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான். எதிரே தங்கச்சி யசோதினி கமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றாள். ஆரோ பாவித்து விற்ற கமரா. அதை வாங்கிய நாளிலிருந்து அவளுக்கு முகங்களைத் தவிர வேறொன்றும் கண்ணில் படுவதில்லை.

"அசையாம இரிங்க அண்ணா."

"நான் என்ன, கோயில்ல இரிக்கிற பிள்ளையாரா?"

எடுத்து முடித்ததும் கமராவின் பின்பக்கத்தைக் காட்டினாள். அவன் கையைக் குடையாகப் பிடித்துப் பார்த்தான். மற்ற நாட்களில் பட்டென்று சொல்லிவிடுவான். "இது அம்மாவா, அரிசி மூட்டையா?" என்பான். "இந்த ஆளுக்குக் கழுத்து எங்க போன?" என்பான். அன்றைக்கு மட்டும், "வெயிலுக்க ஒண்டும் விளங்குதில்ல. இந்தக் கட்டுகளக் குடுத்திட்டு வாறன். வந்து சொல்றன்" என்றான்.

வெற்றிலைக் கட்டுகளைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினான். மைமலாகி இருட்டத் தொடங்கிய நேரம். பிரதான வீதியில், தேற்றாத்தீவு தாண்டி, தார் இன்னும் சூடாறாமல் இருந்த இடத்தில் மாடுகள் படுத்திருந்தன. மோட்டார் சைக்கிளின் வெளிச்சத்தில் கறுத்த மாடு தெரியவில்லை.

*

நாளைக்கு முப்பத்தோராம் நாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி நிலோஜன் கலியாணத்துக்குப் பிறகு பெண் வீட்டோடு போனவன். தோட்டம் களுதாவளையில், தாயின் காணியில். குடியிருப்பு தேற்றாத்தீவில், மனைவி கம்சாயினியின் வீட்டில். ஆகவே செத்த வீடும் அங்கேதான் நடந்தது. எல்லாவற்றையும் தலையில் போட்டுச் செய்தவர் கம்சாயினியின் அப்பா வினாயகமூர்த்தி. காலையில் அவர்தான் யசோதினிக்குத் தொலைபேசி எடுத்தார்.

"புள்ள, நெத்தி தெரியிற படம் ஒண்டும் இல்லயா?"

"தேடிட்டன் மாமா."

"கலியாணப் படத்தில தலப்பா. கிரிக்கெட் படத்தில தொப்பி. மோட்டசைக்கிள் படத்தில ஹெல்மட். இந்த மனிசன் ஒரு நாளாவது வெறுந் தலையோட படத்துக்கு நிக்கல்லயா?"

"அடையாள அட்டையில இரிக்கி."

"அதில பதினாறு வயசு. ஆரோ பள்ளிக்கூடப் பொடியனுக்குப் படைக்கிற மாதிரி இரிக்கும்." பிறகு சொன்னார். "உன்ட படந்தான் ஆக வடிவு. நெத்திய மட்டும் போட்டுக் குடு."

சட்டையில் அறுந்த தெறியைத் தைத்துக் கொடு என்பதுபோலச் சொன்னார்.

"போடவா? எப்படி மாமா போடுற? நான் எடுக்கல்லயே."

"அப்ப சந்தனப் பொட்டு எங்க வைக்கிற? மூக்கிலயா?"

அது நியாயமான கேள்வி. படையலுக்கு முன்னால் வைக்கிற படத்துக்கு மாலை போட வேண்டும். நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைக்க வேண்டும். யசோதினியின் படமோ புருவத்தோடு முடிந்துவிடுகிறது. கீழே நெஞ்சுவரை அண்ணன் இருக்கிறான். மேலே இல்லை.

பின்னேரத்துக்குள் கடையில் கொடுக்க வேண்டும் என்றார். காத்தான்குடியில் றிஸானின் கடை. வீட்டுக்குள் வைக்க ஒரு சட்டம் போட்ட படம், சந்தியில் கட்ட ஒரு பதாகை.

யசோதினியின் கவலை நெற்றியில் தொடங்கவில்லை. அதற்கும் முதலே ஒன்று இருந்தது. இனி எந்தக் காலத்துக்கும் அண்ணன் என்றால் இந்தப் படம்தான். அதற்கு இது போதுமா? இது நல்ல படமா? அதைச் சொல்ல வேண்டியவன் வந்து சொல்கிறேன் என்று போனவன். வேறு ஆராவது சொல்லட்டும் என்று அவள் ஒரு மாதமாகக் கேட்டுத் திரிகிறாள்.

தாய் சீதேவிப்பிள்ளையிடம் கேட்டாள். "என்ட புள்ள எப்பவும் வடிவுதான்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள் தாய்.

போன கிழமை, படம் எடுக்கிறவர்களின் முகநூல் குழுவில் போட்டாள். 'நான் புதிது. இதில் என்ன பிழை என்று சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதினாள். முதலில் இரண்டு பேர் விருப்பம் போட்டார்கள். பிறகு ஊரைத் தெரிந்த ஆரோ ஒருவர் முகத்தை அடையாளம் கண்டு 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதிவிட்டார். அவ்வளவுதான். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. 'ஆத்மா சாந்தியடையட்டும்.' 'தாங்கிக்கொள்ளுங்கள் சகோதரி.'

பிரதீஸ் என்று ஒருவன் மாத்திரம் 'மேல்பக்கம் வெட்டுப்பட்டிருக்கு' என்று தொடங்கினான். எல்லாரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு மனசாட்சி இல்லையா, செத்தவரின் படத்திலா குறை பிடிக்கிறாய் என்றார்கள். யசோதினி பார்த்துக்கொண்டிருக்கவே அவன் எழுதியதை அழித்துவிட்டான். அவள் தனியாக எழுதிக் கேட்டாள். 'தம்பி, பிறகு என்ன சொல்ல வந்தீங்க? சொல்லுங்க.'

'மன்னிச்சிருங்க அக்கா. நான் கவனிக்காமச் சொல்லிட்டன்.'

*

சனிக்கிழமைகளில் நகரத்தில், வாவிக்கரை வீதியில் ஒரு மாடியறையில், நல்லரத்தினம் படமெடுக்கப் படிப்பிக்கிறார். முன்பு அவளுடைய படங்களைப் பார்த்து அவர் சொன்னதெல்லாம் அவளுக்குப் பாடம். "இது முகமா, தேங்காயா?" என்று கேட்டிருக்கிறார். ஒருமுறை, "இதைப் பார்த்தா பொலிஸ்காரன்தான் சந்தோசப்படுவான்" என்றார். அவரை நம்பித்தான் யசோதினி காலையிலேயே பஸ் ஏறினாள்.

அவளைக் கண்டதும் நல்லரத்தினம் கதிரையை விட்டு எழும்பி நின்றார். படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் எழும்பி நின்றார்கள்.

"இரிங்க சேர்."

"இல்லம்மா. கேள்விப்பட்டன். வர ஏலாமப் போயிற்று."

"அதுக்கு வரல்ல சேர். இந்தப் படம்." கமராவை நீட்டினாள். "எப்படி இரிக்கி?"

அவர் இரண்டு கையாலும் வாங்கினார், பிரசாதம் வாங்குகிற மாதிரி. பார்த்தார். கண் கலங்கியது.

"அருமையான மனிசனா இருந்திரிப்பார்."

"படம், சேர்."

"கண்ணில அந்தக் கருணை..."

"அது வெளிச்சம் சேர். எதிர்ச் சுவர் வெள்ளை, அதுதான் கண்ணில விழுந்திரிக்கி. அது சரியா, கூடிப்போச்சா?"

"வெளிச்சமெல்லாம் ஆண்டவன் குடுக்கிறதம்மா."

யசோதினி அவரைப் பார்த்தாள். மூன்று மாதமாக வெளிச்சத்தைப் பற்றியே பேசிய மனிசன்.

"மேல வெட்டினது பிழையா, சேர்? நேரடியாக் கேக்கிறன். பிழையெண்டாப் பிழையெண்டு சொல்லுங்க."

"இந்த நேரத்தில அதெல்லாம் எதுக்கு, பிள்ளை? உங்கட அன்பு இதில தெரியுது. அதுக்கு மேல என்ன வேணும்?"

கமராவைத் திருப்பித் தந்தார். அடுத்த மாதக் காசு வேண்டாம் என்றும் சொன்னார். படியிறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. துக்கம் வந்த வீட்டுக்காரரோடு ஆட்கள் பேசுகிற பேச்சு ஒன்று உண்டு. சோற்றில் உப்பில்லை என்றால்கூடச் சொல்லமாட்டார்கள். அவள் ஒரு மாதமாக உப்பில்லாத சோறு தின்கிறாள்.

*

றிஸானின் கடையில் கூட்டம். ஒரு கலியாணப் பதாகை, ஒரு பள்ளிவாசல் கூட்டத்துக்கானது, நடுவில் கணினிக்கு முன்னால் அவன்.

"வாங்க தங்கச்சி. மாமா எல்லாம் சொன்னார். படத்தக் குடுங்க."

திரையில் அண்ணன் பெரிதாக வந்தான். றிஸான் தலையைச் சரித்துப் பார்த்தான்.

"நல்லாத்தான் எடுத்திரிக்கிங்க. நெத்திதானே? இது ஒரு வேலையா இப்ப? ஏஐ இரிக்கி."

"வேணாம். இருக்கிற மாதிரியே அடியுங்க."

"மாமா நெத்தி வேணுமெண்டாரே." சொல்லிக்கொண்டே அவன் கை வேலை செய்தது. படத்துக்கு மேலே வெள்ளையாக இடம் திறந்தது. ஒரு சக்கரம் சுற்றியது. புருவத்துக்கு மேல் தோல் முளைத்தது. தோலுக்கு மேல் முடி முளைத்தது.

"மூணு நெத்தி தந்திரிக்கி. எது வேணும், பாருங்க."

முதலாவது அகன்ற நெற்றி, சினிமாக்காரனுக்கு இருப்பதுபோல. இரண்டாவதில் அடர்த்தியான முடி, ஒரு கீற்று முன்னால் விழுந்திருந்தது. மூன்றாவதில் கேட்காமலே மூன்று குறி திருநீறு பூசியிருந்தது.

"எப்படியோ ஆள் இந்து எண்டு கண்டுபிடிச்சிற்று, பாருங்க" என்று றிஸான் வியந்தான்.

"இது அண்ணன் இல்ல."

"கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் அவர்தானே?"

"நெத்தி இல்ல."

"சரி, அப்ப அவர்ட நெத்தி எப்படி இரிக்கும்? சொல்லுங்க. அப்படியே மாத்தித் தாறன்." அவன் பகிடியாகக் கேட்கவில்லை. விரல்களை விசைப்பலகையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

யசோதினி வாயைத் திறந்தாள். புருவத்திலிருந்து நாடிவரை அவளால் கண்ணை மூடிக்கொண்டு கீறிக்காட்ட முடியும். இடது கண் சற்றுச் சிறிது. மூக்குத் தண்டில் அம்மை விழுந்த குழி. அதற்கு மேலே போனால் ஒன்றும் வரவில்லை. தோட்டத்தில் துணி, வீதியில் ஹெல்மட், மற்ற நேரம் தொப்பி, பெட்டியில் கிடந்தபோது தலை முழுக்க ஆஸ்பத்திரிக் கட்டு. துணியை அவிழ்த்த அன்றைக்கும் அவள் கண் கமராவில்தான் இருந்தது. கூடப் பிறந்தவனின் நெற்றியை அவள் பார்த்துத்தான் இருப்பாள். ஆனால் ஞாபகத்தில் இல்லை.

"சொல்லுங்க தங்கச்சி."

"இருங்க. கேட்டுட்டு வாறன். அதுவரைக்கும் அடிக்க வேணாம்."

"அஞ்சு மணிக்குள்ள சொல்லிருங்க" என்றான் றிஸான். அவள் வெளியே இறங்கியதும் மூன்று நெற்றிகளையும் வினாயகமூர்த்திக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். காசு கொடுக்கிறவர் அவர், அவனில் பிழையில்லை.

*

கம்சாயினி வீட்டு முற்றத்தில் பந்தலுக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் பின்பக்கம் குசினி வாசலில் குந்தியிருந்து பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாயில் நாலு வயது மகள் நித்திரை. யசோதினியைக் கண்டதும் இன்னொரு பலகையைக் காலால் தள்ளிவிட்டாள்.

"இரிங்க மச்சாள். தண்ணி குடிச்சீங்களா?"

"ஒரு விசயம் கேக்கோணும்."

"எந்தப் படம் எண்டுதானே? அப்பாவக் கேளுங்க."

"எந்தப் படமெண்டு கேக்கல்ல. இது எப்படி இரிக்கி எண்டு கேக்கிறன்."

கம்சாயினி கத்தியை வைத்தாள். கையைத் துடைத்தாள். "ஒரு மாசமா ஆரும் என்னட்ட அப்படிக் கேக்கல்ல. எதப் போடுவம், எதப் போடுவம் எண்டுதான் கேட்டாங்க. தாங்க பாப்பம்."

கமராவை மடியில் வைத்துப் பார்த்தாள். பெரிதாக்கச் சொன்னாள். கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள், கழுத்தில் வெகுநேரம் நின்றாள். முற்றத்தில் தடிக்கு மண் இறுக்குகிற சத்தம் கேட்டது.

"நல்லா இல்ல, மச்சாள்."

யசோதினி பலகையில் இருந்துவிட்டாள். ஒரு மாதமாக அவள் தேடிய சொல் அதுதான். கேட்டதும் நெஞ்சு லேசானது. அடுத்த மூச்சிலேயே கோபம் வந்தது.

"ஏன்?"

"மூச்சப் பிடிச்சிட்டு இரிக்கார். கழுத்து நரம்பப் பாருங்க. கமராவக் கண்டா அப்படித்தான். வயித்த எக்கி, மூச்ச அடக்கி... நீங்க ஒண்டு, ரெண்டு, மூண்டு சொன்னீங்களா?"

"சொன்னன்."

"மூண்டு சொல்லி எல்லாரும் எடுத்து முடிஞ்ச மறுகாதான் அவர் மூச்சு விடுவார். அதுக்குப் பிறகுதான் அவர்ட முகம் வரும். அத ஒருத்தரும் எடுக்கல்ல. கலியாணத்துக்கு வந்த கமராக்காரனும் எடுக்கல்ல."

மூன்று சொல்லி எடுத்ததும் யசோதினி கமராவை இறக்கித் திரையைப் பார்த்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. வெளிச்சம் சரி, கண் கூர்மை, வேறென்ன வேண்டும் என்று நினைத்தது ஞாபகம் வந்தது.

"அப்ப நெத்தி? அத வெட்டினதும் பிழைதானே?"

"அது நீங்களா வெட்டினீங்க?" கம்சாயினியின் வாயோரம் அசைந்தது. "'கிட்ட வா, இன்னும் கொஞ்சம் கிட்ட வா' எண்டு அவர் சொல்லல்லயா?"

சொன்னான். வாளியில் இருந்தபடி கையசைத்து, கிட்ட வா, கிட்ட வா என்று சொன்னான். முகம் நிறைய வருகிறதே என்று அவளும் சந்தோசமாகக் கிட்டப் போனாள்.

"வழுக்கை, மச்சாள். கலியாணம் கட்டி அடுத்த வருசமே ஏறிட்டு. ஆருக்கும் தெரியப்படாதெண்டு தொப்பி, துணி, எல்லாம். ராவில சின்ன வெங்காயம் அரைச்சுப் பூசிட்டுப் படுப்பார். தலகணி எல்லாம் வெங்காய மணம். சம்பலோட படுக்கிற மாதிரி இரிக்கி எண்டு நான் பேசுற." சிரித்தாள். முற்றத்துக்குக் கேட்டுவிடும் என்று சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

யசோதினி தன் தொலைபேசியைத் திறந்து மூன்று நெற்றிகளையும் காட்டினாள். றிஸான் அவளுக்கும் அனுப்பியிருந்தான்.

கம்சாயினி இரண்டாவதில் நின்றாள். முன்னால் விழுந்திருந்த அந்த முடிக் கீற்றை விரலால் தொட்டாள்.

"கலியாணத்துக்கு முந்தி இவ்வளவு முடி இருந்திருந்தா எங்கட அப்பாக்கு இவர் கிடைச்சிரிக்க மாட்டார். பெரிய இடத்தில ஆரும் கொத்திட்டுப் போயிரிப்பாங்க." பிறகு குரல் இறங்கியது. "இது அவருக்கு நல்லாப் பிடிச்சிரிக்கும்."

யசோதினி இதை எதிர்பார்த்து வரவில்லை. தன் பக்கம் ஓர் ஆள் சேர்க்க வந்தவள்.

"மச்சாள், இது பொய்."

"ஓம். பொய்தான்."

"நீங்க வேணாமெண்டு சொன்னா மாமா கேப்பார். அவருக்கு வழுக்கையெண்டு நீங்க சொல்லுங்க. றிஸான் இன்னும் அடிக்கல்ல."

"செத்த மறுகா நான் அவர்ட வழுக்கைய ஊருக்குச் சொல்லவா? உசிரோட இரிக்கேக்க ஆறு வருசம் சொல்லல்ல."

படம் பிழை. அதைத் திருத்துவதும் பிழை. உண்மையைச் சொல்வது துரோகம். இதில் எங்கே போய் நிற்பது? பேச வாயெடுத்தபோது வாசலில் முச்சக்கரவண்டி வந்து நின்றது.

*

வினாயகமூர்த்தி இறங்கினார். தோளில் சுருட்டிய பதாகை; கக்கத்தில் கடதாசி சுற்றிய சட்டம். அவரே போய் நின்று அடிப்பித்து எடுத்து வந்திருந்தார்.

"ரெண்டாவதச் சொன்னன்" என்றார் யசோதினியிடம். "முடி நல்லா இரிக்கி. நீ எடுத்தத ஒண்டும் செய்யல்ல, புள்ள. மேல மட்டுந்தான்."

"மாமா, அது..."

"இரு. நாளைக்குச் சனம் வரமுன்னம் ஒருக்கா வச்சுப் பாப்பம்."

வீட்டு மண்டபத்தில் ஒரு கதிரையை இழுத்துப்போட்டுப் படத்தைச் சாய்த்து வைத்தார். கடதாசியைக் கிழித்தார். அண்ணன் முழுத் தலையோடு இருந்தான். மூச்சை அடக்கிய கழுத்து, அம்மைக் குழி, எல்லாம் அவன், மேலே ஆரோ. பொருந்திய இடம்கூடத் தெரியவில்லை. பந்தல்காரன் ஒருவன் எட்டிப் பார்த்து, "அச்சா நிலோஜனேதான்" என்றான்.

யசோதினி ஒரு வசனத்தை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். இந்த நெற்றிக்குப் பொட்டு வைத்தால் ஆருக்கோ வைக்கிறோம், மாமா. சொல்ல இரண்டடி முன்னால் வந்தாள்.

வினாயகமூர்த்தி சிமிழைத் திறந்து சந்தனத்தைக் குழைத்தார். பிணத்தை ஆஸ்பத்திரியிலிருந்து எடுத்தது முதல் பந்தல், சமையல், ஐயர் என்று ஓடிக்கொண்டிருந்த மனிசன். இந்த ஒரு மாதத்தில் அவர் ஒரு இடத்தில் இருந்ததை ஆரும் காணவில்லை. குனிந்து, மோதிர விரலால் படத்தின் நெற்றியில் வைத்தார். வைத்த விரலை எடுக்கவில்லை.

"மருமகன்" என்றார். அடுத்த வளவில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி.

பிறகு சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

பந்தல்காரன் மெல்ல விலகிப் போனான். யசோதினி தன் வசனத்தை விழுங்கினாள். ஆரோடு கோபிப்பது என்றும் தெரியவில்லை. றிஸானோடா, இந்தக் கிழவரோடா, கிட்ட வா என்று கையசைத்தவனோடா?

கம்சாயினி அவளைக் கையில் பிடித்துக் குசினிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"விடுங்க. அவருக்குத் தொடுறதுக்கு ஒரு இடம் வேணும்."

யசோதினி மண்டபத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாளைக்குச் சனமெல்லாம் போன மறுகா என்ன ஒரு படம் எடுங்க, மச்சாள்."

"உங்களயா? ஏன் இப்ப?"

கம்சாயினி பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தாள். "சின்னவளோட வச்சிட்டுப் போக. குவைத்துக்கு வேலைக்குப் போகப் பேர் குடுத்திரிக்கன். அப்பாக்கு இன்னும் தெரியா."

மண்டபத்தில் வினாயகமூர்த்தி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

"எப்ப குடுத்தீங்க? ஆரக் கேட்டுக் குடுத்தீங்க?"

"மெல்லமாப் பேசுங்க." பூசணியையும் கத்தியையும் எடுத்துக்கொண்டாள். "எடுக்கேக்க மூண்டு சொல்லாதீங்க."

யசோதினி கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டாள். வீதிக்கு வந்தாள். சந்தியில் இரண்டு பேர் பதாகையை மின்கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்றில் அது புடைத்தது; அந்த முடிக் கீற்று அசைவதுபோல இருந்தது. போகிற வருகிற சைக்கிள்கள் வேகம் குறைத்து அண்ணாந்து பார்த்தன.

பஸ் வரும்வரை அவள் கமராவைத் திறந்து பார்த்தாள். படம் எடுத்தபடியே இருந்தது. மேல் விளிம்பு புருவத்தோடு முடிந்திருந்தது.